கதவைத் திறந்த அம்மையார்

நம் பல்கலைக்கழகத்து ஆய்வுக்கூடத்தில் என்னுடன் பணி புரிவோரில் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். காலையில் வருகிறார்கள், நுண்ணோக்கியின் முன் அமர்கிறார்கள், மாலையில் விடுதிக்குத் திரும்புகிறார்கள். இதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். ஒன்றும் இல்லைதான். ஆனால், வியப்பதற்கு ஒன்றும் இல்லை என்னும் இந்த நிலை வருவதற்கு எத்தனை பேர் எத்தனை ஆண்டுகள் இடர்ப்பட்டார்கள் என்று எண்ணிப் பார்த்தால் அப்போது வியப்புத் தோன்றும்.

1904ஆம் ஆண்டை நினைத்துக்கொள்ளுங்கள். இடம் புதுக்கோட்டை மகாராசா கல்லூரி. வகுப்பில் ஆண் மாணவர்கள் நிறைந்திருக்கிறார்கள். ஒரு பக்கத்தில் ஒரு திரை தொங்குகிறது. திரைக்குப் பின்னால் ஒரே ஒரு பெண் அமர்ந்து பாடம் கேட்கிறாள். ஆசிரியர் அவளைக் காணலாம், மாணவர்கள் காணக்கூடாது. அவள் மாணவர்களைக் காணக்கூடாது. அந்தத் திரைக்குப் பின்னால் இருந்த பெண்ணே பிற்காலத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் என்று நாடு போற்றிய பெருமாட்டி.

அவர் வரலாற்றை நம் மாணவர் ஏட்டில் எழுத எனக்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, நான் அறிவியல் பயில்பவன். அம்மையார் ஒரு சமூக நோயை மருத்துவர் நோக்கும் முறையில் நோக்கினார்; அந்த முறை என்னைக் கவர்ந்தது. மற்றொன்று என் சொந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

பிறப்பும் பின்னணியும்

1886ஆம் ஆண்டு இந்தியப் பெண்களின் வரலாற்றில் குறித்து வைக்கத்தக்க ஆண்டு. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் ஆனந்திபாய் ஜோஷி அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்றார். சூலை 30ஆம் நாள் புதுக்கோட்டையில் முத்துலட்சுமி பிறந்தார். ஆகஸ்டு 2ஆம் நாள் திருவிதாங்கூரின் புகழ்பெற்ற மருத்துவர் மேரி புன்னன் லூக்கோஸ் பிறந்தார். ஆகஸ்டு 18ஆம் நாள் இளம் கைம்பெண்களுக்கு வாழ்வளித்த சகோதரி சுப்புலட்சுமி பிறந்தார். மூன்று வாரத்திற்குள் மூன்று பெண் குழந்தைகள்! அந்நாளில் பெண் குழந்தை பிறந்தது என்று கேட்டு மனம் சோர்ந்த வீடுகள் எத்தனையோ. அம்மூன்று குழந்தைகளும் வளர்ந்து தென்னாட்டின் முகத்தையே மாற்றியமைத்தன.

முத்துலட்சுமியின் தந்தையார் நாராயணசாமி ஐயர் கல்வித் துறையில் இருந்தவர். மகாராசா கல்லூரியின் முதல்வராகப் பணியாற்றியவர். தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் தோன்றியவர். இவர்கள் கூடி வாழ்ந்ததால் தந்தையார் தம் சுற்றத்தாரின் வெறுப்புக்கு ஆளானார். ஊரார் தாயாரை எந்தக் கண்ணோடு பார்த்தார்கள் என்பதைச் சிறுமி முத்துலட்சுமி நாள்தோறும் கண்டார். பிற்காலத்தில் சட்டசபையில் எழுந்து நின்று அவர் பேசிய பேச்சுக்கு வித்து புதுக்கோட்டைத் தெருவிலேயே ஊன்றப்பட்டுவிட்டது.

வயது வந்ததும் பள்ளியை விட்டு நிறுத்துவது அந்நாளைய வழக்கம். முத்துலட்சுமியும் வீட்டில் இருந்தே படித்தார். மெட்ரிக்குலேஷன் தேர்வில் வெற்றி பெற்றார். கல்லூரியில் சேர விரும்பியபோது எதிர்ப்புக் கிளம்பியது. ஆண்கள் படிக்கும் கல்லூரியில் ஒரு பெண்ணா என்பது ஒரு கேள்வி. அதுவும் அந்த மரபில் பிறந்த பெண்ணா என்பது அதனினும் கொடிய கேள்வி. அப்போது புதுக்கோட்டை மன்னராக இருந்த மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் அனுமதி வழங்கினார். கதவு திறந்தது, ஆனால் திரை தொங்கியது.

மருத்துவக் கல்வி

1907ஆம் ஆண்டு முத்துலட்சுமி சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அக்கல்லூரியில் 1875ஆம் ஆண்டிலேயே மேரி ஷார்லீப் என்னும் ஆங்கிலப் பெண்மணி சேர்ந்து படித்திருந்தார். எனினும் ஒரு தமிழ்ப் பெண் சிறு சமஸ்தானத்திலிருந்து வந்து, உடல்நலக் குறைவோடும் பணக் குறைவோடும் போராடி, அறுவை மருத்துவத்திலும் மகப்பேற்று மருத்துவத்திலும் முதன்மையாகத் தேறியது எளிய செயல் அன்று. 1912ஆம் ஆண்டு பரிசுகளோடும் பதக்கங்களோடும் பட்டம் பெற்றார். எழும்பூரில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உரிய அரசு மருத்துவமனையில் முதல் பெண் ஹவுஸ் சர்ஜனாக அமர்ந்தார்.

1914ஆம் ஆண்டு டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். மணத்திற்கு முன் அம்மையார் ஒரு நிபந்தனை விதித்தார். தம்மைச் சமமாக நடத்த வேண்டும்; தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக்கூடாது என்பதே அது. சுந்தர ரெட்டியார் இசைந்தார். வாழ்நாள் முழுவதும் அச்சொல்லைக் காத்தார். அம்மையார் பொதுவாழ்வுக்கு வருவதற்கு அவர்தாம் பெருந்துணையாக நின்றார். இக்காலத்தும் திருமணப் பேச்சில் நகையும் வண்டியும் பேசப்படுகின்றனவே அன்றி இத்தகைய நிபந்தனை எத்தனை வீடுகளில் பேசப்படுகிறது?

1917ஆம் ஆண்டு அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்றியது. அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசர் ஆகியோருடன் முத்துலட்சுமி அம்மையாரும் அதன் தொடக்க காலப் பணியாளர்களுள் ஒருவர். இவ்விடத்தில் எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லாமல் போக எனக்கு மனம் இல்லை. ஆனைக்கரை என்னும் பெயரில் கேரளத்தில் இரண்டு ஊர்கள் உண்டு. ஒன்று இடுக்கி மலையில் ஏலத்தோட்டங்களுக்கு இடையே உள்ளது. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து பிழைப்புத் தேடி மலையேறிய குடும்பங்களுள் ஒன்றில் அங்கே பிறந்தவன் நான். மற்றொன்று பாலக்காட்டு மாவட்டத்தில் பட்டாம்பிப் பகுதியில் உள்ளது. அந்த ஆனைக்கரையில் 1894ஆம் ஆண்டு பிறந்தவர் அம்மு சுவாமிநாதன். சிறு வயதிலேயே, தம்மினும் இருபது வயதுக்கு மேல் மூத்த ஒரு தமிழ் வழக்கறிஞருக்கு மணம் செய்துவைக்கப்பட்ட அப்பெண்மணி, மாதர் சங்கத்தின் தொடக்கத்திலேயே அதில் இணைந்தார். குழந்தை மணத்தை எதிர்த்தார். அரசியல் நிர்ணய சபையில் அமர்ந்தார். 1952ஆம் ஆண்டு திண்டுக்கல்லிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். எந்த ஆனைக்கரை என்று யாரேனும் என்னைக் கேட்டால், அம்மு அம்மையாரின் ஆனைக்கரை அன்று என்று சொல்ல நேர்வது எனக்குச் சிறிது வருத்தமே.

சட்டசபையில்

1925ஆம் ஆண்டு அம்மையார் மேற்பயிற்சிக்காக இலண்டன் சென்றார். 1926ஆம் ஆண்டு பாரிசில் நடந்த உலகப் பெண்கள் மாநாட்டில் இந்தியாவின் சார்பில் கலந்துகொண்டார். திரும்பி வந்ததும் மருத்துவத் தொழிலில் மூழ்கிவிடவே எண்ணினார். ஆனால் நாடு அவரை வேறிடத்திற்கு அழைத்தது. சென்னை மாகாணத்தில் 1921ஆம் ஆண்டே பெண்கள் வாக்குரிமை பெற்றிருந்தனர். சட்டசபையில் அமரும் உரிமை 1926ஆம் ஆண்டுதான் கிடைத்தது. மாதர் சங்கத்தின் பரிந்துரையால் அம்மையார் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டசபைக்குச் சென்ற முதல் பெண்மணி அவரே. உறுப்பினர் அனைவரும் ஒருமனதாக அவரைத் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுத்தார்கள்.

அக்காலம் உலகெங்கும் சீர்திருத்தக் காற்று வீசிய காலம். 1890 முதல் 1920 வரையுள்ள ஆண்டுகளில் அமெரிக்க நாட்டுச் சீர்திருத்தக்காரர்கள் சில கூட்டத்தாரையும் சில கேடுகளையும் தம் பணிக்கு இலக்காக எடுத்துக்கொண்டார்கள். ஆலைகளில் உழலும் குழந்தைகள், நெருக்கமான சேரிகளில் வாழும் குடியேறிகள், மதுவுக்கு அடிமையானோர், விலைமகளிர், நலவசதி அற்ற தாய்மார் ஆகியோரே அக்கூட்டத்தார். சிகாகோ நகரில் 1889ஆம் ஆண்டு ஜேன் ஆடம்ஸ் அம்மையார் நிறுவிய ஹல் இல்லம் அத்தகைய பணிகளுள் தலைசிறந்தது. ஏழைக் குடியேறிகளுக்கு எட்டி நின்று அறிவுரை சொல்லாமல், அவர்கள் வாழும் தெருவிலேயே குடிபுகுந்து பணி செய்தது அதன் தனிச்சிறப்பு.

முத்துலட்சுமி அம்மையார் எடுத்துக்கொண்ட பட்டியலும் ஏறக்குறைய அதுவே. ஆனால் நம் நாட்டு மண்ணுக்கு ஏற்ப அது மாறியிருந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவச் சோதனை வேண்டும் என்றார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவ வசதி கேட்டார். ஏழைப் பெண்களுக்கு இலவசக் கல்வி கேட்டார். மகப்பேற்று அறையில் குழந்தைத் தாய்மார்கள் மடிவதைத் தம் கண்ணால் கண்டவர் ஆதலால், மணவயதை உயர்த்தவேண்டும் என்று அவர் பேசியபோது அப்பேச்சில் புத்தக வாடை இல்லை. 1929ஆம் ஆண்டு சாரதா சட்டம் பெண்ணின் மணவயதைப் 14 என்றும் ஆணின் மணவயதைப் 18 என்றும் வகுத்தது. அச்சட்டத்திற்கு ஆதரவு திரட்டியவர்களுள் அம்மையாரும் ஒருவர். பெண்களை விலைப்பொருளாக்கும் விடுதிகளை ஒழிக்க 1930ஆம் ஆண்டில் வந்த சென்னைச் சட்டத்திற்கும் அவர் உழைத்தார். நாட்டின் கல்வி நிலையை ஆராய்ந்த ஹார்ட்டாக் குழுவிலும் உறுப்பினராக இருந்தார்.

ஆயினும் அவர் பெயரோடு என்றும் பிணைந்து நிற்பது தேவதாசி முறை ஒழிப்பே.

சிறு பெண்ணைக் கோயிலில் தெய்வத்திற்கென்று பொட்டுக்கட்டிவிடுவார்கள். அதன் பின் அவள் ஒருவனை மணந்து குடும்பம் நடத்த இயலாது. கோயில் தொண்டுக்காக அக்குடும்பத்திற்கு இனாம் நிலம் இருக்கும். நிலம் நிலைக்கவேண்டுமானால் தொண்டு தொடரவேண்டும். தொண்டு தொடரவேண்டுமானால் அடுத்த தலைமுறையிலும் ஒரு பெண்ணுக்குப் பொட்டுக்கட்டவேண்டும். தாய்க்கு விருப்பம் இல்லாவிட்டாலும் வயிறு விடாது.

1927ஆம் ஆண்டு அம்மையார் இவ்வழக்கத்தைச் சட்டத்தால் தடுக்குமாறு அரசைக் கோரும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். தீர்மானம் நிறைவேறியது. ஆனால் அவர் அதோடு அமையவில்லை. நோயின் வேர் எங்கே என்று தேடினார். வேர் நிலத்தில் இருந்தது. 1929ஆம் ஆண்டு இந்து அறநிலையச் சட்டத்தில் அவர் முயற்சியால் ஒரு திருத்தம் செய்யப்பட்டது. அதன்படி இனாம் நிலம் கோயில் தொண்டு என்னும் கட்டிலிருந்து விடுவிக்கப்பட்டு, அதை அனுபவித்து வந்தவருக்கே உரியதாயிற்று. இனிப் பொட்டுக்கட்டாவிட்டாலும் நிலம் பறிபோகாது. முதலில் சோற்றுக்கு வழி, பிறகு தடை. இந்த வரிசையை நண்பர்கள் கருத்தூன்றிப் பார்க்க வேண்டும். வேரை விட்டு இலையைக் கிள்ளும் சீர்திருத்தங்கள் பல. அம்மையார் வேரிலிருந்து தொடங்கினார்.

பொட்டுக்கட்டுவதையே குற்றமாக்கும் மசோதாவை 1930ஆம் ஆண்டு கொண்டுவந்தார். அதற்குள் நாட்டில் உப்புச் சத்தியாக்கிரகம் மூண்டது. காந்தியடிகள் சிறை செய்யப்பட்டார். அதைக் கண்டித்து அம்மையார் தம் பதவியைத் துறந்தார். தம் வாழ்நாள் இலட்சியமான மசோதா அரைகுறையாக நிற்கும் வேளையில் அவர் அப்பதவியை உதறினார் என்பதை நினைக்கும்போது அத்துறவின் அருமை புலப்படும். மசோதா 17 ஆண்டுகள் காத்திருந்தது. நாடு விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டில்தான் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. மைசூர் அரசு 1909ஆம் ஆண்டிலேயே இவ்வழக்கத்தைக் கோயில்களிலிருந்து விலக்கியிருந்தது. திருவிதாங்கூரிலும் ராணி சேது லட்சுமி பாயி ஆட்சியில் அது நீக்கப்பட்டது.

எதிர்த்து நின்றவர்கள்

ஒரு பெரியவரின் வரலாற்றை எழுதும்போது அவரை எதிர்த்தோர் அனைவரும் தீயோர் என்று எழுதிவிடுவது எளிது. அது நேர்மை ஆகாது.

மரபைக் காக்கவேண்டும் என்ற எண்ணத்தால் எதிர்த்தவர்கள் இருந்தார்கள். எஸ். சத்தியமூர்த்தி போன்ற நாட்டுப்பற்று மிக்க தலைவர்களே இவ்விஷயத்தில் அம்மையாருக்கு எதிரணியில் நின்றார்கள். அவர்களை விட்டுவிடுவோம். எதிர்த்தவர்களுள் தேவதாசிகளும் இருந்தார்கள் என்பதே நாம் எண்ணிப் பார்க்கவேண்டிய செய்தி. பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற கலைச்செல்வியர் 1927ஆம் ஆண்டு அரசுக்கு விண்ணப்பம் அனுப்பினார்கள். திருவையாற்றில் தியாகராசர் சமாதியைத் தம் சொந்தப் பொருளால் எடுப்பித்தவர் அந்த நாகரத்தினம்மாள். தாங்கள் விலைமகளிர் அல்லர். இசைக்கும் ஆடலுக்கும் தம்மை ஈந்தவர்கள். தங்கள் மரபில் பெண்ணுக்குக் கல்வி உண்டு, சொத்துரிமை உண்டு. சிலர் செய்யும் தவற்றுக்காக ஓர் இனத்தையே சட்டத்தால் இழிவுபடுத்தலாகாது. கல்வி கொடுத்து உயர்த்துங்கள் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். குடும்பப் பெண்களுக்குச் சொத்துரிமை இல்லாத அந்நாளில் இவ்வாதம் வலிமையற்றது என்று சொல்ல முடியாது.

மற்றொரு பக்கத்தில் அதே மரபிலிருந்து மூவலூர் இராமாமிர்தத்தம்மையார் எழுந்தார். பொட்டுக்கட்டும் கொடுமையைத் தாமே அனுபவித்தவர் அவர். ஊர் ஊராகச் சென்று அதை எதிர்த்துப் பேசினார். 1936ஆம் ஆண்டு அதுபற்றி ஒரு நாவலும் எழுதி வெளியிட்டார். சுயமரியாதை இயக்கமும் ஒழிப்புக்குத் துணை நின்றது. ஆகவே அம்மரபுப் பெண்கள் அனைவரும் ஒரே குரலில் பேசினார்கள் என்று எவரும் சொல்லுதல் இயலாது.

1932ஆம் ஆண்டு அம்மையாருக்கும் வழக்கறிஞர் இ. கிருஷ்ணையருக்கும் செய்தித்தாள்களில் பெரியதொரு வாதம் நிகழ்ந்தது. ஆட்டத்தையே விலக்கவேண்டும் என்பது அம்மையார் தரப்பு. கலையைக் காத்துக் கேட்டை நீக்கவேண்டும் என்பது கிருஷ்ணையர் தரப்பு. காலம் தீர்ப்புக் கூறிற்று. சதிர் என்று இகழப்பட்டது பரதநாட்டியம் என்று பெயர் பெற்று உயர்ந்த மேடைகளில் ஏறியது. ஆனால் தலைமுறை தலைமுறையாக அதைக் காத்த பெண்களுள் தஞ்சாவூர் பாலசரசுவதி போன்ற ஒரு சிலரே அம்மேடைகளில் இடம் பெற்றார்கள். மற்றவர்கள் மறக்கப்பட்டார்கள். கொடுமையை ஒழிக்கும் வேகத்தில் கலைக்கு உரியவர்களின் உரிமையும் கை நழுவிப் போயிற்று. அம்மையாரின் பணியை உயர்வாக மதிக்கும் நான் இதையும் மறைக்க விரும்பவில்லை. சமூகத்தின் ஒரு பகுதியாரை நாம் சிக்கல் என்று பெயரிட்டு அழைக்கும்போது, அவர்கள் மனிதர்கள் என்பதும், அவர்களுக்குச் சொல்வதற்கு ஏதேனும் இருக்கும் என்பதும் நம் நினைவிலிருந்து அகன்றுவிடக் கூடும்.

கதவைத் தட்டியவர்கள்

ஆனால் அம்மையார் சட்டம் எழுதியதோடு நின்றவர் அல்லர். இதைச் சொல்லத்தான் இக்கட்டுரையை எழுதத் தொடங்கினேன்.

1930ஆம் ஆண்டையொட்டி ஒருநாள், பொட்டுக்கட்டும் வாழ்விலிருந்து தப்பி வந்த இளம்பெண்கள் சிலர் அம்மையாரின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவர் பேசியதைக் கேள்விப்பட்டு அவரையே நம்பி வந்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு விடுதியில் இடம் தேடினார் அம்மையார். நகரத்தில் விடுதிகள் இருந்தன. ஆனால் அப்பெண்களின் பிறப்பைக் கேட்டதும் விடுதிகள் இடம் தர மறுத்தன. பொட்டுக்கட்டக் கூடாது என்று ஊருக்குச் சொல்லியாயிற்று. கட்டாமல் வந்த பெண்ணை ஊர் ஏற்கவில்லை. இனி என்ன செய்வது?

அம்மையார் தம் வீட்டிலேயே அவர்களுக்கு இடம் கொடுத்தார். அதுவே ஔவை இல்லம். மணம் செய்துகொள்ளாமல், ஒருவர்க்கும் அடிமைப்படாமல், அறிவினால் உயர்ந்து நின்ற ஔவையின் பெயர் அதற்கு எத்துணைப் பொருத்தம்! சாதியும் பிறப்பும் கேளாமல் ஆதரவற்ற பெண்களையும் குழந்தைகளையும் அவ்வில்லம் ஏற்றது. 1936ஆம் ஆண்டு அடையாற்றுக்கு மாறியது. படிப்பும் தொழிற்பயிற்சியும் பெற்று அங்கிருந்து ஆசிரியைகளாகவும் செவிலியராகவும் பெண்கள் வெளிவந்தார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் நம் பாலக்காட்டுப் பக்கம் அகத்தேத்தறையில், டி. ஆர். கிருஷ்ணசாமி ஐயர் சபரி ஆசிரமத்தில் எல்லாச் சாதிக் குழந்தைகளையும் ஒன்றாக உண்ணவும் படிக்கவும் வைத்தார். அவரும் தம் சுற்றத்தாரின் சினத்தைத் தாங்கியவரே. தாம் பேசியதற்குத் தம் வீட்டு முற்றத்தையே விலையாகக் கொடுத்தவர்கள் இவர்கள்.

1931ஆம் ஆண்டு அம்மையார் அகில இந்திய மாதர் மாநாட்டின் தலைவராக விளங்கினார். 1933ஆம் ஆண்டு சிகாகோ நகரில் நடந்த உலக மாதர் மாநாட்டில் இந்தியாவின் சார்பில் பேசினார். ஹல் இல்லம் இருந்த அதே நகரத்திற்கு, தம் வீட்டையே இல்லமாக்கிய ஒரு தமிழ்ப் பெண்மணி சென்று நின்ற காட்சியை எண்ணும்போது நெஞ்சம் நிமிர்கிறது.

அடையாற்றுக் குடிசைகள்

அம்மையாருக்கு ஒரு தங்கை இருந்தார். இளம் வயதில் அவருக்கு மலக்குடலில் புற்றுநோய் கண்டது. முதலில் அது சீதபேதி என்று தவறாகக் கருதப்பட்டது. உண்மை தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. அக்காள் பெயர்பெற்ற மருத்துவர். தங்கையைக் காக்க முடியவில்லை. அத்துயரம் அம்மையாரின் நெஞ்சில் ஆறாத புண்ணாயிற்று. இலண்டன் சென்றபோது புற்றுநோய் மருத்துவத்தைக் கருத்தோடு கவனித்தார். 1935ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில், நம் மாகாணத்தில் புற்றுநோய்க்குத் தனி மருத்துவமனை வேண்டும் என்று எடுத்துரைத்தார்.

புற்றுநோய் வந்தால் இறப்பது உறுதி, அதற்கு மருத்துவமனை எதற்கு என்று அறிந்தோரே கேட்ட காலம் அது. அம்மையார் சளைக்கவில்லை. மாதர் சங்கத்தின் வாயிலாக நிதி திரட்டினார். வாயில் வாயிலாக ஏறி இறங்கினார். 1952ஆம் ஆண்டு பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954ஆம் ஆண்டு சூன் 18ஆம் நாள் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. தொடக்கத்தில் இருந்தவை சில குடிசைகளும் 12 படுக்கைகளும் மட்டுமே. அப்போது அம்மையாருக்கு வயது 67. மற்றவர்கள் ஓய்வை நாடும் வயதில் அவர் ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். அவர் மைந்தர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், பின்னர் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை நாடறிந்த நிலையமாக வளர்த்தார்கள். டாக்டர் சாந்தா 2021ஆம் ஆண்டு மறையும் வரையில் அம்மருத்துவமனை வளாகத்திலேயே எளிய வாழ்வு வாழ்ந்தார் என்பது நீங்கள் அறிந்ததே.

முன்னர்ச் சொல்வதாகக் கூறிய இரண்டாம் காரணம் இதுதான். என் அத்தை ஆனைக்கரையில் ஏலத்தோட்டத்தில் காய் பறித்தவர். அவருக்குக் கருப்பை வாயில் புற்றுநோய் கண்டது. நெடுநாள் உதிரப்போக்கு இருந்தும் வெளியில் சொல்ல வெட்கப்பட்டார். உடம்புச் சூடு என்று வெந்தயமும் மோரும் குடித்தார். மருத்துவரிடம் போனால் ஒரு நாள் கூலி போய்விடுமே என்றும் எண்ணினார். இறுதியில் என் தந்தையார் அவரை அடையாற்றுக்கு அழைத்துச் சென்றபோது நோய் முற்றியிருந்தது. அங்கே வலி தணிந்தது, உயிர் மிஞ்சவில்லை. நான் அப்போது பள்ளி மாணவன். அந்த மருத்துவமனை யாரால் எழுந்தது என்று பின்னரே படித்தறிந்தேன். ஒரு தங்கையின் மறைவால் எழுந்த மருத்துவமனையில், அதே காலதாமதத்தால், எத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும், என் அத்தையும் மறைந்தார்.

அறிவியல் மாணவன் என்ற முறையில் இதையும் சொல்லவேண்டும். கருப்பை வாய்ப் புற்றுநோய் ஒரே இரவில் வருவதன்று. அதை உண்டாக்கும் கிருமி ஒரு வைரஸ் என்பதை இன்று அறிவோம். அது தொற்றிய பின் புற்றாக மாறுவதற்குப் பெரும்பாலும் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அந்நெடுங்காலத்தில் எளிய சோதனை ஒன்றினால் அதைக் கண்டு களைந்துவிடலாம். சிறு வயதிலேயே தடுப்பூசி போட்டு வராமலும் காக்கலாம். வழி தெரிந்திருந்தும் ஒரு பெண் மடிகிறாள் என்றால் குறை அறிவியலில் இல்லை. அவள் இருக்கும் இடத்திற்கு அறிவியல் இன்னும் நடந்து செல்லவில்லை. நடந்து செல்லவேண்டியவர்கள் நாமே.

முடிவுரை

1956ஆம் ஆண்டு இந்திய அரசு அம்மையாருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. 1968ஆம் ஆண்டு சூலை 22ஆம் நாள், 82 வயது நிறைவதற்கு எட்டு நாட்கள் இருக்கையில், அவர் மறைந்தார். ஏழைத் தாய்மாருக்குத் தமிழ்நாட்டு அரசு வழங்கும் மகப்பேற்று உதவித் திட்டம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நண்பர்களே, அம்மையார் வாழ்வில் நாம் காண்பவை மூன்று. நோயின் வேரைத் தேடியது ஒன்று. சட்டம் முடிந்த இடத்தில் பணி முடிந்துவிடவில்லை என்று உணர்ந்தது மற்றொன்று. கதவைத் தட்டியவர்களுக்குத் தம் கதவையே திறந்தது மூன்றாவது. அவரிடம் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆடிய பெண்களின் குரலை அவர் இன்னும் பொறுமையோடு கேட்டிருக்கலாம். ஆனால் ஓடி வந்த பெண்களுக்கு இடமில்லை என்று சொன்னவர்களுள் அவர் ஒருவர் அல்லர்.

நம் தமிழ் மாணவர் சங்கத்தில் ஆண்டுதோறும் விழா எடுக்கிறோம், பட்டிமன்றம் நடத்துகிறோம், மேடையில் தமிழன்னையை வாழ்த்துகிறோம். அவை நன்று. வரும் கோடை விடுமுறையில் நம்மில் பத்துப் பேராவது, மருத்துவம் பயிலும் நண்பர்களைத் துணைக்கொண்டு, மலைத்தோட்டங்களில் வாழும் நம் தாய்மாரிடம் செல்வோமா? அவர்கள் மொழியிலேயே, வெட்கம் போக்கி, இந்நோய் பற்றி எடுத்துச் சொல்வோமா? சொல்வதற்கு முன், அவர்கள் சொல்வதைச் சிறிது நேரம் அமர்ந்து கேட்போமா? ஆனைக்கரையில் எங்கள் வீட்டுத் திண்ணை இருக்கிறது. பத்துப் பேர் தாராளமாகத் தங்கலாம். கதவு திறந்தே இருக்கும்.